நடுக்கதிரை

மல்லாவியில் எங்கள் ஹோலுக்குள்
நிலத்தில் மூன்று வெண்கட்டிக் கீறுகள்.
இரண்டு ஸ்பீக்கருக்கு, ஒன்று எனக்கு.
கூட்டும்போது அதை அழிக்காமல்
சுற்றிக் கூட்டப் பழகிவிட்டாள் சுகிர்தா.
ஒருநாள் பல்லி எச்சம், சரியாக என் கீறில்.
"உங்களுக்கு முதல் ஆரோ வந்து
இருந்து கேட்டிட்டுப் போயிட்டினம்" என்றாள்.

ஸ்பீக்கர்கள் டோட்முண்டில் மச்சான் பாவித்துக் கழித்தவை.
கப்பலில் மூன்று மாதம்,
பழைய குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே.
அம்ப், கிளிநொச்சியில் கேதாரன் கட்டித்தந்தது.
"அண்ணை, இது பொய் சொல்லாது."
பொய் சொல்லாததுதான் கரைச்சலாகிவிட்டது.

முதல் கிழமை நான் பாட்டே கேட்கவில்லை.
பாடகி மூச்சிழுப்பதைக் கேட்டேன்.
வயலின்காரரின் கதிரை கிறீச்சிடுவதைக் கேட்டேன்.
ஸ்டூடியோவுக்கு வெளியே
எவனோ ஒருவன் கதவு சாத்துவதை
ஏழு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.
சரணம் எப்போது வந்தது, எப்போது போனது,
தெரியாது.

உச்ச சுரமெல்லாம் கூரைத் தகரத்தில் பட்டுச் சிதறின.
சீமெந்துத் தரைக்குப் பாய் விரித்தேன்.
மூலைக்கு நெல்மூட்டை அடுக்கினேன்.
பேஸ் அடங்கியது;
எலி வந்தது.
ஆறரைக்கு அரிசி மில் ஓடத் தொடங்க
கரண்ட் மெலிந்து
பாடகிக்குத் தடிமன் பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும்
குரல் நடுவில் நிற்கவில்லை.
வலப்பக்கச் சுவரோடு போய் நின்றது.
வயரை மாற்றிப் போட்டேன். வலப்பக்கம்.
கேதாரன் வந்து மீற்றர் வைத்துப் பார்த்தான்.
"ரெண்டும் ஒண்டுதான், அண்ணை."
பிறகு என் முகத்தைப் பாராமல்
மீற்றரின் வயரைச் சுற்றினான்.

இடக்காது.
இரண்டாயிரத்து ஒன்பது, மாசி, பங்கருக்குள்
ஒரு சில்வண்டு அதில் குடிவந்தது.
வாடகை தராது. போகவும் போகாது.
மேல்சுரங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
அங்கேயே நின்றுவிடும்.
இதைப்பற்றி நான் கதைப்பதில்லை.
இங்கேயும் இவ்வளவுதான்.

பலன்ஸ் திருகியை இடப்பக்கம் திருகினேன்.
கடிகாரத்தின் பத்து மணிக்கு வந்ததும்
பாடகி சுவரை விட்டு மெல்ல நடந்து
அலுமாரிக்கு முன்னால்
எனக்கு நேரே நின்றாள்.
இத்தனை வருசத்தில் முதல் தரம்.
சாரத்தை இழுத்துவிட்டு
நிமிர்ந்து இருந்தேன்,
வீட்டுக்கு ஆள் வந்தால் இருப்பதுபோல.

சுகிர்தாவைக் கூப்பிட்டு இருத்தினேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்து
அரைப் பாட்டுக் கேட்டாள்.
"ஏன் இவ இடப்பக்கம் ஒதுங்கி நிக்கிறா?
ஆரோடையும் கோவமோ?"

பன்னிரண்டில் வைத்தால் எனக்குச் சுவர்.
பத்தில் வைத்தால் அவளுக்கு ஒதுக்கம்.
பதினொன்றில் வைத்துப் பார்த்தோம்,
இரண்டு பேருக்கும் பிழை.
"ஒரு பாட்டுக்கு இவ்வளவு வழக்கோ"
என்று எழும்பிக் குசினிக்குப் போனாள்.

அங்கிருந்துதான் அவள் எப்போதும் கேட்பது.
ஒரு சுவர், ஒரு கதவுச்சீலை,
பொரியும் மிளகாய் எல்லாம் கடந்து
என்ன போய்ச் சேரும்?
பேஸ் பாதி, சொல் பாதி.
ஆனால் சரணத்துக்கு முன் வயலின் நுழைகிற இடத்தில்
அகப்பை நிற்கும்.
கதிரையில் இருந்தபடி
அதையும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

நேற்று மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
மில்லும் நின்றது.
வயல்பக்கம் ஒரு யானைவெடி. நாய்கள்.
பிறகு, விட்ட வரியிலிருந்து அவள் பாடினாள்,
அரைக்கட்டை கீழே,
ஒரு சொல் பிழையாக.

ஒரு காது மந்தமானால் திசையும் மந்தம்.
குசினியா, கிணற்றடியா, கூரையா?
தலையைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.
பிடிபடவில்லை.
கீறில் இருந்த கதிரையை இருட்டில் இழுத்துக்கொண்டுபோய்
கதவடியில் போட்டேன்.

"அம்பை நிப்பாட்டி விடுங்கோ,
கரண்ட் வந்தா எரிஞ்சிடும்" என்றாள்,
பாட்டுக்கு நடுவில், அதே மெட்டில்.